அடிக்குக் கால் அங்குலம்

கோவில்பட்டியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் தண்ணீர் தெரியாது. கரிசல் காடும், பருத்தி மாரும், வெயில் ஏறினால் கானலும்தான் தெரியும். அந்த ஊரில் ஒரு மனிதர் கப்பல் மேல்தளத்தில் நடப்பதுபோலக் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார். தரை ஆடுகிறதாம். பதினைந்து வருஷம் நான் அவரைப் பார்த்தேன். பதினைந்து வருஷமும் எங்கள் ஊர்த் தரை அவர் ஒருவருக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஊரில் அவரைக் கப்பல் அண்ணாச்சி என்பார்கள். சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகள் எங்கேயாவது நல்லபடியாக இருப்பார்கள்.

யுத்த காலத்தில் கடற்படையில் சேர்ந்தவர். துறைமுக வாசலில் ரோந்து சுற்றுகிற சின்னப் போர்க்கப்பல் ஒன்றில் நாலு வருஷம் இருந்தார். அதில் பொய் இல்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு நற்சான்றுக் கடிதம் இருந்தது. நேர்மையானவர், கட்டளைக்குக் கீழ்ப்படிபவர் என்று வெள்ளைக்கார அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதைக் காட்டித்தான் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாசல் பொறுப்பு வேலை வாங்கினார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலையில் பெண்கள் உள்ளே போனதும் கூடத்தின் கதவைப் பூட்டுவது, மத்தியானம் திறப்பது, மறுபடி பூட்டுவது, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவது. இதுதான் வேலை. நடுவில் யாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு. இடுப்பில் சாவி தொங்க அண்ணாச்சி வாசலில் உலாத்துவதைப் பார்த்தால் இந்து மகா சமுத்திரத்தையே பூட்டிக் காவல் காக்கிறவர் மாதிரி இருக்கும்.

இடது, வலது என்கிற சொற்கள் அவர் வாயில் வராது. போர்ட், ஸ்டார்போர்டு. ஒரு நாள் எட்டயபுரம் ரோட்டில் பருத்தி ஏற்றி வந்த வண்டிக்காரனைப் பார்த்து, “ஏலே, ஸ்டார்போர்டுல ஒதுக்குலே!” என்று கத்தினார். அவன் அந்தப் பெயருள்ள ஆள் யாரோ பின்னால் வருகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். மாடு சாக்கடையில் காலை விட்டது.

எட்டயபுரம் ரோட்டில்தான் என் சைக்கிள் கடை. எதிர்ச் சந்தில் முதல் வீடு அவருடையது. அந்த வீட்டின் முன்னறையை ஒரு மேஜை அடைத்துக்கொண்டிருக்கும். மேஜைமேல் அந்தக் கப்பல்.

அவர் வேலை பார்த்த ரோந்துக் கப்பலின் அச்சு அசல் மாதிரி. நிஜக் கப்பல் நூற்றறுபது அடி. இது நாற்பது அங்குலம். அடிக்குக் கால் அங்குலம். இந்தச் சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்ட தடவைகளுக்குக் கணக்கே கிடையாது. உடம்பு மஞ்சணத்தி மரத்தில் கடைந்தது. மேலே போர்த்திய தகடெல்லாம் தீப்பெட்டிக்கு வருகிற மெல்லிய மரச்சீவல். பித்தளைக் கம்பியை வளைத்து வளைத்துக் கோத்த நங்கூரச் சங்கிலி. நீர்மூழ்கிக் கப்பலை நொறுக்குவதற்கான வெடிப்பீப்பாய்கள் பென்சிலை நறுக்கிச் செய்தவை. முன்பக்கத்துப் பீரங்கிக்குக் குழல் என் கடையிலிருந்து போன டியூப் வால்வு. மேல்தளத்துச் சக்கரத்தைத் திருப்பினால் பின்னால் அடியில் இருக்கிற சுக்கான் திரும்பும். பன்னிரண்டு வருஷம் செய்தார்.

கப்பல் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவரைப் போலப் பொய்யனாகிவிடுவேன்.

ஆனால் ஒரு சாமான் கேட்டு அவர் கடைக்கு வந்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வாங்குகிறவர் மாதிரி வரமாட்டார். பார்வையிட வந்த அதிகாரி மாதிரி வருவார். நான் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு நூல் சாயுது” என்பார். ஒரு நூல் சாய்ந்திருக்கும். அதுதான் எரிச்சல்.

ஒருமுறை கப்பலின் ஓரக் கைப்பிடிக் கம்பிக்கு ஆகட்டுமே என்று பழைய சக்கரத்திலிருந்து நாலு போக்ஸ் கம்பி எடுத்து நீட்டினேன். வாங்கக்கூட இல்லை.

“என்ன தம்பி, இது என்ன கனம் இருக்கும்? அடிக்குக் கால் அங்குலம்னு கணக்குப் போட்டுப் பாரு. நெசக் கப்பல்ல நாலு அங்குலக் கனம் ஆயிரும். கைப்பிடிக்கு யாராவது வீட்டு உத்தரத்தைக் கொண்டு வைப்பானா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு பிரேக் ஒயரைப் பிரித்து, ஒவ்வோர் இழையாக எண்ணிப் பொறுக்கிக்கொண்டு போனார். நன்றி என்கிற சொல்லுக்குக் கப்பலில் இடம் ஒதுக்கவில்லை போலும்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒரு கோடையில் ஊருணி வறண்டு, பக்கத்துக் கிணறுகளும் கையை விரித்துவிட்டன. விடியுமுன் எழுந்து, ரெயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றடியில் முறை வைத்து நின்று, மதினி எட்டுக் குடம் தண்ணீர் சுமந்து வந்தார்கள். அவர்கள் எட்டாவது குடத்தோடு வருகிறபோது முந்தின ஏழு குடமும் வீட்டுக்குள் ஒரு தகரத் தொட்டியில் கிடந்தது. அதில் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து, மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்மேல் வார்னிஷ் எண்ணெய் வானவில்லாக விரிந்திருந்தது.

“இந்தத் தண்ணியில இனிமே சோறு பொங்க முடியுமா?” என்று மதினி கேட்டார்கள். சந்துக்கே கேட்டது.

“ஒனக்குக் கடல் தெரியாது.”

“தெரியாது. கெணறு தெரியும்.”

எட்டாவது குடத்தை இறக்கி வைக்காமல் அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் அக்காவிடம் கொடுத்து, இங்கேயே ஒரு உலை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அன்றைக்கு அண்ணாச்சி எங்கள் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, அரிசி குழைந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார்.

இவ்வளவும் ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கதை.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வேலையை நிறுத்தி, வெள்ளைக்காரன் கொடியை இறக்கினார்கள் அல்லவா, அப்போது அவருடைய கப்பலில் முதல் ஆளாக எழுந்து நின்றவர் அண்ணாச்சியாம். அதற்காக அதிகாரிகள் அவரைப் பிடித்து, முன்தளத்துக்கு அடியில் கயிறும் பெயிண்டும் போட்டு வைக்கிற அறையில் இரண்டு நாள் பூட்டிப்போட்டார்களாம்.

“ஏழடி நீளம், அஞ்சடி அகலம். காத்துக் கெடையாது. தண்ணி கெடையாது. பெயிண்ட் நாத்தம் மண்டையைப் பொளக்குது. வெளிய துப்பாக்கியோட வெள்ளைக்காரன் நிக்கான். மன்னிப்புக் கேளு, தெறக்கேன்ங்கான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

என்ன சொன்னார் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். ஒருமுறை பாரத மாதாவின் பேரைச் சொன்னார். ஒருமுறை காறித் துப்பினார். ஒருமுறை ஒன்றும் பேசாமல் சிரித்தார். ஏழடி நீளமும் அஞ்சடி அகலமும் மட்டும் எந்தத் தடவையும் மாறியதில்லை.

கப்பல் முடிந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். சுற்றுப்பட்டியெல்லாம் வந்து பார்த்தது. புதூர்ப் பக்கத்திலிருந்து கிடையை விட்டுவிட்டு வந்த ஒரு கோனார் கண்ணாடிப் பெட்டியை மூன்று தரம் சுற்றி வந்து, “இதுல எத்தனை ஆடு ஏத்தலாம், சாமி?” என்று கேட்டார். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அடுத்து வந்த ஆள், “அண்ணாச்சி, உங்கள எங்கன பூட்டிப்போட்டாவ?” என்று கேட்டதும் முகம் மலர்ந்து, முன்தளத்தின் கீழே விரல் நகத்தளவு இருந்த ஒரு கதவைக் கண்ணாடிவழியே சுட்டிக் காட்டினார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். என் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வருஷத்திலிருந்து ஆகஸ்டுப் பதினைந்துக்கு எங்கள் தெருவில் கொடியேற்றுகிறவர் அண்ணாச்சிதான். இறக்கியவருக்குத்தானே ஏற்றுகிற உரிமை!

அதற்கு அடுத்த மாசி மாதம். வெயில் ஏறுகிற நேரம். தூத்துக்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் என் கடையில் வந்து அண்ணாச்சி வீட்டுக்கு வழி கேட்டார். கறுத்து மெலிந்த மனிதர். வலை பின்னி விற்பதாகச் சொன்னார். அண்ணாச்சியோடு அதே கப்பலில் இருந்தவராம். கண்காட்சி விஷயம் யார் மூலமோ காதுக்கு எட்டி, பழைய கப்பலைப் பார்க்க வந்திருந்தார்.

அண்ணாச்சி வேலைக்குப் போயிருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மதினி உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போட அடுப்படிக்குப் போனார்கள்.

அந்த மனிதர் உட்காரவில்லை. மேஜையோரமாகக் குனிந்து, முனையிலிருந்து பின்பக்கம்வரை விரலைக் காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனார். “இங்கன நான் தூங்குற தொட்டில் கெடந்துச்சு… இங்கன சோத்துப் பானை… இந்த ஏணியில விழுந்துதான் எனக்குப் பல்லு போச்சு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முன்தளத்தில் ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு இருப்பதைக் கண்டு, நகத்தை விட்டு நெம்பினார். தளம் ஒரு மூடிபோல எழுந்து கையோடு வந்தது. அது கழலும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே ஓர் அறை. பாசிமணியில் செய்த பெயிண்ட் டப்பாக்கள். சுருட்டி வைத்த நூல்கள், கயிறாக. நகத்தளவு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கமாக, இரண்டு கொக்கிகளுக்குள் குறுக்கே செருகிய ஒரு கம்பி. அரை அங்குலம் இருக்கும். என் கடையில் பொறுக்கிக்கொண்டு போன பிரேக் ஒயர் இழை.

வந்தவர் முதலில் சிரித்தார். “அடப்பாவி, இதையுமா வச்சிருக்கான்!” அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“இது என்னங்க கம்பி?” என்றேன்.

“கதவு தெறக்காம இருக்க இவன் செருகுனது. நெசக் கப்பல்ல உள்பக்கம் தாழ்ப்பாளே கெடையாது. இவனாத்தான் ரெண்டடிக் கம்பி ஒண்ணைத் தேடி எடுத்துச் செருகிக்கிட்டான்.”

“அதிகாரிங்கதானே பூட்டுனாவ?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா சொல்லுதான்?”

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். கொடியை இறக்கின அன்றைக்கு எல்லோரும் மேல்தளத்தில் கூடிவிட்டார்கள். இவரைக் காணோம். தேடிப்போனால் பெயிண்ட் அறைக் கதவு திறக்கவில்லை.

“தட்டுனோம். யாருன்னான். நாங்கதாம்டேன்னோம். ‘நான் இங்க இல்லன்னு சொல்லிருங்கடே’ன்னான். ரெண்டு நாளா அதே பேச்சு. செத்துக்கித்துப் போவானேன்னு காத்து வார கொழாய் வழியா நாங்கதான் தண்ணி ஊத்துனோம். உள்ள துணியை நனைச்சுப் புழிஞ்சு குடிச்சிருப்பான். எல்லாம் அடங்கி, அதிகாரி வந்து ஒரு தட்டுத் தட்டுனான். ஒடனே தெறந்தான்.”

“அப்புறம்?”

“எங்க சீட்டைக் கிழிச்சு ஊருக்கு அனுப்பிட்டான். இவனுக்கு நல்ல கடுதாசி குடுத்தான்.”

அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூடியைப் பொருத்தி வைத்துவிட்டு, “வெளிய சொல்லிராதீங்க. பொழைச்சுப் போறான்,” என்றார்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பெயிண்ட் அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டேன். தூத்துக்குடிக்காரர் கேட்டுக்கொண்டதற்காக என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு அது ருசியாக இருந்தது. அண்ணாச்சி கடையில் வந்து நின்று, ஏழடி நீளம், அஞ்சடி அகலம் என்று ஆரம்பிக்கும்போது, நான் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு, “தண்ணியே குடுக்கலையா அண்ணாச்சி?” என்று எடுத்துக் கொடுப்பேன். “ஒரு சொட்டு கெடையாது” என்பார். என்னுடைய சக்கரம் ஒரு நூல் சாய்ந்ததற்கெல்லாம் அப்போது உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொள்வேன். கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஊரைப் பார்க்கிற சுகம்.

ஆவணியில் அது வேறு மாதிரி திரும்பியது.

என் அக்கா சொர்ணம் அண்ணாச்சி வேலை பார்த்த ஆபீஸில்தான் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கிக் கொடுக்கிற வேலை. கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்த பிறகு மாமியார் சொன்ன ஒரு சொல் பொறுக்காமல், இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தவள். தம்பி சோற்றில் உட்கார்ந்து தின்ன மாட்டேன் என்று வந்த வாரமே வேலைக்குப் போனவள்.

அந்த ஆவணியில் பக்கத்து ஊர் ஆபீஸ் ஒன்றில் மருந்து முக்குகிற இடத்தில் தீப்பிடித்தது. அங்கேயும் கூடம் பூட்டித்தான் கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் இரண்டு கையும் வெந்துபோயிற்று. அந்தப் பெண் அக்காவின் தோழிக்குச் சொந்தம். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் நாற்பது பெண்களைக் கூட்டி ஒரு முடிவு சொன்னாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து பூட்டின கூடத்தில் யாரும் உட்காருவதில்லை.

சாவி அண்ணாச்சி இடுப்பில் அல்லவா? ஐந்தாறு பெண்களோடு அவர் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள்.

“பூட்டிப்போட்டா என்ன பாடுன்னு உங்களுக்குச் சொல்லணுமா அண்ணாச்சி? நீங்க அனுபவிச்சவிய. திங்கக்கெழமை சாவியை மொதலாளி மேசையில வச்சிட்டு, நான் பூட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒங்க வார்த்தைக்கு அவரு பயப்படுவாரு. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்.”

அண்ணாச்சி எழுந்து நின்றார். கப்பலின்மேல் கையை வைத்தார்.

“நான் வெள்ளைக்காரனையே பாத்தவன். இவன் எம்மாத்திரம்? கப்பலைத் தொட்டுச் சொல்லுதேன். திங்கக்கெழமை காலையில ஒங்களுக்கு முன்னால நான் நிப்பேன்.”

பெண்கள் கும்பிட்டார்கள். மதினி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சியின் கை இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்தக் கம்பி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அக்கா கேட்டாள். “என்னலே, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? எதுவும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்லக்கா” என்றேன்.

திங்கட்கிழமை காலை நாற்பது பெண்களும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி வரவில்லை. முதலாளி தன்னிடம் இருந்த இன்னொரு சாவியோடு வந்தார். உள்ளே வருகிறவர்கள் வரலாம், வழக்கம்போலப் பூட்டத்தான் செய்வேன் என்றார். “அண்ணாச்சி வருவாவ,” என்று அக்கா எல்லோரையும் நிறுத்தி வைத்தாள். அவர்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிழல் காலடிக்கு வந்தது. ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். பிறகு இரண்டு பேர். பிறகு கூட்டமாக. கடைசியில் வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். அந்த ஒன்பது பேரும் இனி வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் வேறெந்த ஆபீஸிலும் அவர்களைச் சேர்க்கவில்லை. முதலாளிகளுக்குள் பேச்சு ஓடியிருந்தது.

நடுவில் நான் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், அசையவில்லை. “காச்ச அடிக்குதாம்,” என்று மதினியின் குரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் சரக், சரக்கென்று ஒரு சத்தம். அண்ணாச்சி அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அக்கா அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். கப்பலை உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உடைத்தால் நல்லது என்றும் நினைத்தேன். கூடவே போனேன்.

அண்ணாச்சி மேஜை அருகில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், “சன்னி மாதிரி வந்திருச்சும்மா, எந்திரிக்கவே முடியல…” என்று தொடங்கினார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே போய் நகத்தை விட்டு முன்தளத்தை நெம்பி எடுத்தேன்.

“அக்கா, இதைப் பாரு. இந்தக் கம்பியைப் பாரு. யாரும் இவரைப் பூட்டல. இவராத்தான் உள்ள இருந்து செருகிக்கிட்டாரு. அந்தத் தூத்துக்குடிக்காரரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் வழியாக ஊற்றிய தண்ணீரையும் விடவில்லை. எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்தது! சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அண்ணாச்சி மறுக்கவில்லை. என் கையில் இருந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா வைங்க தம்பி. கொக்கி வளைஞ்சிரும்,” என்றார்.

மதினி முன்னால் வந்தார்கள். “கல்யாணமான மறுவாரமே எங்கிட்டச் சொல்லி அழுதாவ,” என்றார்கள். “அன்னிக்கு அழுததோட சரி. அப்புறம் வெளிய வேற கதையாச் சொல்லிச் சொல்லி, அவியளுக்கே அது மறந்துபோச்சுன்னு நினைச்சேன். கப்பல்ல அந்தக் கம்பியை வைக்கும்போதுதான் மறக்கலன்னு தெரிஞ்சுது. வேண்டாமேன்னேன். அது இல்லாட்டிக் கணக்குச் சரியா வராதுன்னாவ.”

அக்கா குனிந்து அந்த அறையை வெகுநேரம் பார்த்தாள். பாசிமணி டப்பா, நூல் கயிறு, குறுக்கே கம்பி.

“இம்புட்டு உண்மையாச் செஞ்சிருக்கீங்களே அண்ணாச்சி,” என்றாள். “இதுல ஒரு கால் அங்குலத்தை வாயால சொல்லியிருந்தா, நாங்க உங்களை நம்பி ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னிருக்க மாட்டோம்லா?”

அவர் தரையைப் பார்த்தார். முதல்முறையாக எனக்கு அவர் தரையில் நிற்கிறவராகத் தெரிந்தார். அந்த எண்ணம் நாங்கள் வெளியே வரும்வரைதான் நீடித்தது. மறு வாரமே இடுப்பில் சாவியோடு, காலை அகட்டிக்கொண்டு, ஆபீஸ் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கூடத்தைப் பூட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுவும் தான் எழுதிப்போட்ட மனுவால்தான் என்று அண்ணாச்சி பஜாரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நம்புகிறவர்களும் இருந்தார்கள். என் கடைக்கு மட்டும் அவர் வருவது நின்றுபோயிற்று.

அவர் இறந்தபோது அந்தத் தூத்துக்குடிக்காரர் பதினாறாம் நாளுக்கு வந்தார். மதினி கப்பலை அவரிடம் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதை ஒரு வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்.

அக்கா அதற்கெல்லாம் வெகு முன்பே கயத்தாறு போய்விட்டாள். அண்ணாச்சி வீட்டுக்குப் போய்வந்த மூன்றாம் நாள். வேலை இல்லாவிட்டால் என்ன, என் வீட்டிலேயே இரு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசலுக்குத்தான் போகிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

பஸ் நிலையத்தில் நின்றோம். நான் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கோழை, புளுகன், உங்கள் ஒன்பது பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டவன். அக்கா இடைமறித்தாள்.

“அந்தத் தூத்துக்குடிக்காரரு எப்ப வந்தாரு?”

“மாசியில.”

“மாசியில,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். தூரத்தில் புழுதி கிளம்பியது. பஸ் வந்து திரும்பி நின்றது. மூட்டையைத் தூக்கப் போன என் கையை விலக்கிவிட்டுத் தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவரு பயந்துட்டாரு, சரி,” என்றாள். “ஒனக்கு என்னலே?”

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். அவள் உள்ளே போய், எனக்கு முதுகு காட்டிய சீட்டில் உட்கார்ந்தாள்.